தொற்று யார் கையில்? விளம்பரங்கள் காட்டும் பெண்ணும் மறைக்கும் சாதியும்

2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக் காலத்தில், கென்ட் நிறுவனம் மாவு பிசையும் கருவி ஒன்றுக்குச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் வெளியிட்டது. பணிப்பெண் கையால் மாவு பிசைய அனுமதிக்கிறீர்களா, அவரது கையில் தொற்று இருக்கக்கூடும் என்பதே அதன் செய்தி. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கோரியது.

விளம்பரங்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதம் குறித்த விவாதம் பெரும்பாலும் ஆபாசத்தைச் சுற்றியே நிகழ்கிறது. இந்த விளம்பரத்தில் ஆபாசம் ஏதுமில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் கை மட்டும் ஐயத்திற்குரியதாக்கப்பட்டது. இந்தியாவுக்குள் கொரோனா முதலில் வந்தது விமானப் பயணிகள் வழியே. வீட்டுக்காரர்களின் கையை ஐயுறாத விளம்பரம், பெரிதும் தலித், ஏழைப் பெண்கள் செய்துவரும் வேலையைச் செய்பவரின் கையை ஐயுற்றது. தீண்டாமை இங்கே சுகாதாரத்தின் மொழியைப் பேசியது.

விளம்பரமே சமூகத்திற்குத் தீங்கு என்று சொல்லிவிட முடியாது. போலியோ சொட்டு மருந்தை ஊர்தோறும் கொண்டுசேர்த்ததில் விளம்பரத்திற்கும் பங்குண்டு. எந்த மதிப்பீட்டைத் தூண்டி ஒரு பொருள் விற்கப்படுகிறது என்பதே கேள்வி.

1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' இதற்குத் தெளிவான சான்று. மகன் இல்லையே என வருந்தும் தந்தை. களிம்பு பூசி நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகும் மகள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தொடர் எதிர்ப்புக்குப் பின் 2003-இல் இவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. கருநிறம் கொண்டோரை அழகற்றவராகவோ தாழ்ந்தவராகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியதோ 2020-இல்தான். சாதியையும் நிறத்தையும் இணைத்துப் பார்க்கும் சமூகத்தில், நிறம் மாறினால் வேலையும் மணமும் கிட்டும் என்ற வாக்குறுதி பெண்ணை மட்டுமல்ல, அவள் பிறப்பையும் இழிவுபடுத்துகிறது.

சமூகத்தில் இருப்பதையே விளம்பரம் காட்டுகிறது என்பது நிறுவனங்களின் வழக்கமான வாதம். சமூகத்தில் வயலிலும் கட்டுமானத்திலும் தூய்மைப் பணியிலும் உழைக்கும் பெண்கள் கோடிக்கணக்கில் உள்ளனர். விளம்பரங்களின் இல்லத்தரசியோ பெரும்பாலும் வெளிர்நிறம் கொண்ட, நடுத்தர வர்க்கப் பெண். விளம்பரம் கண்ணாடி அன்று. பணம் கொடுத்துச் செய்யப்படும் தேர்வு.

சட்டம் என்ன செய்கிறது? 1986-ஆம் ஆண்டின் பெண்களை அநாகரிகமாகச் சித்திரித்தல் தடைச் சட்டம், பெண்ணின் உருவமும் உடலும் காட்டப்படும் விதத்தையே மையமாகக் கொண்டது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் இதனினும் விரிவானவை. சாதியையும் நிறத்தையும் இழிவுபடுத்தும் விளம்பரங்களை ஓர் உட்பிரிவு தடுக்கிறது. பெண்ணை அடங்கி நடப்பவளாக, இரண்டாம் நிலையில் காட்டுவதை மற்றோர் உட்பிரிவு தடுக்கிறது. சாதியாலும் பாலினத்தாலும் ஒருசேர இழிவுபடுத்தப்படும் பெண் இவ்விரண்டிற்கும் இடையில் விடுபடுகிறாள். மேலும், இவை தொலைக்காட்சிக்கான விதிகள். கென்ட் விளம்பரம் வெளியானது இணையத்தில்.

2023 ஜூன் மாதம் இணையத்தில் வெளியான சொமாட்டோ விளம்பரத்தையும் இங்கே நினைவுகூரலாம். 'லகான்' திரைப்படத்தின் தலித் பாத்திரமான 'கச்ரா'வை மேசையாகவும் விளக்காகவும் பூந்தொட்டியாகவும் அது காட்டியது. எதிர்ப்புக்குப் பின் விளம்பரம் விலக்கப்பட்டது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையமும் நிறுவனத்திற்கு அறிவிக்கை அனுப்பியது. இழிவு ஓர் ஆணின் மீது ஏவப்பட்டபோது அதன் சாதி முகம் உடனே அடையாளம் காணப்பட்டது. கென்ட் விவகாரத்திலோ வர்க்கப் பாகுபாடு பேசப்பட்ட அளவுக்குச் சாதி பேசப்படவில்லை.

புரட்சியாளர் அம்பேத்கர் சுட்டிய படிநிலைச் சமத்துவமின்மை விளம்பரங்களிலும் இயங்குகிறது. அங்கே ஒரு பெண் நுகர்வோர். இன்னொரு பெண் நோய்க்கிருமி. ஆகவே, விளம்பரங்கள் மீது புகார் அளிக்கும் மாணவர்களும் இயக்கங்களும் பாலினம், சாதி இரண்டையும் ஒரே மனுவில் எழுத வேண்டும். இணைய விளம்பரங்களுக்கும் சட்டப்படி கட்டுப்படுத்தும் விதிகளைக் கோர வேண்டும். திரும்பப் பெறப்பட்ட விளம்பரங்கள் எல்லாம் எதிர்ப்பினால் திரும்பியவையே. அந்த எதிர்ப்பில் மாவு பிசையும் பெண்ணின் குரலும் ஒலித்தாக வேண்டும்.