ஐந்து வகுப்புகளுக்கு இருவர்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள், அதாவது முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாப் பாடங்களையும் தலைமை ஆசிரியர் உட்பட இருவரே நடத்தும் பள்ளிகள். ஆசிரியரின் உடல்நலமும் மனநலமும் குலைவது இந்த எண்ணிக்கையில் தொடங்குவதால், மன அழுத்தத்தைத் தணிக்கும் வழிகளை அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதைக் காட்டிலும் மூன்றாவது ஆசிரியரை நியமிப்பதே அரசின் முதற்கடமையாகும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 மாணவர்கள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என வரையறுத்தபோது மாணவர்களை எண்ணியதேயன்றி வகுப்புகளை எண்ணவில்லை. அப்பள்ளிகளில் ஒருவர், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார் (பல்வகுப்புச் சூழலுக்குப் பொருந்திய நல்ல முறைதான் அது). மற்றவர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளோடு, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களை ஏற்றுவதையும் உணவுத் திட்டக் கணக்குகளையும் பார்க்கிறார். இருவருள் ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ, ஆளில்லாத வேறொரு பள்ளிக்கு அனுப்பப்படும் மாற்றுப்பணியிலோ சென்றுவிட்டால், எஞ்சியவர் காய்ச்சலுக்குக்கூட விடுப்புக் கேட்கத் தயங்குகிறார்.

கற்பித்தல் சாராத பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என விதிக்கும் அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பும் அந்த விலக்கின் வழியாகவே ஆசிரியரிடம் வந்து சேர்கிறது.

இத்தகைய பள்ளியில் ஆசிரியருக்குத் துணை சக ஆசிரியர் ஒருவரே. அந்த உறவையும் ஊதியக் கொள்கை சோதிக்கிறது: 2009 மே 31வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் எனவும், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் எனவும் நிர்ணயிக்கப்பட்டதால், ஒரே பணியைச் செய்யும் இருவர் அடுத்தடுத்த அறைகளில் வேறுவேறு மதிப்புடன் நிற்கின்றனர். இம்முரண்பாடு முற்றாகக் களையப்பட வேண்டும்.

குறைந்த மாணவர்களுக்கு மூன்று ஆசிரியர்கள் வீண்செலவு என்றும், சிறு பள்ளிகளை இணைத்துவிடலாம் என்றும் சொல்லப்படுவதுண்டு. ஆறு வயதுக் குழந்தை நடந்து சென்றடையும் தொலைவில் பள்ளி இருக்க வேண்டும் என்பதே தொடக்கக் கல்வியின் அடித்தளமாக இருக்கையில், அந்தச் சிக்கனத்தின் சுமை ஏழைக் குடும்பங்களின் மேல்தான் விழும்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவுள்ள நிலையில், ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து எவரையும் அப்பணிக்கு எடுப்பதில்லை என்னும் ஆணையை அரசு இப்போதே பிறப்பிக்க வேண்டும்.