பிழையாப் பிடிச்சா யார் கட்டுறது?

"பேஸ்புக் பார்ட்டி சுற்றிவளைப்பு: இளைஞர் யுவதிகள் கைது." இந்தச் செய்தியை எத்தனை தரம் வாசிச்சிருப்பீங்க? ஹோட்டல் மாறும், ஊர் மாறும், எண்ணிக்கை மாறும். வசனம் மாறாது. கூடவே ஒரு படம் வரும்: நிலத்தில குந்தியிருக்கிற பொடியன்மார், துப்பட்டாவால முகத்தை மூடிக்கொண்டு நிக்கிற பிள்ளைகள், மேசையில ரெண்டு மூணு பக்கெட்.

அந்தச் செய்தியின் அடுத்த பாகம் மட்டும் ஒருநாளும் வாறதில்லை. பிடிபட்ட ஆட்களில் எத்தனை பேருக்கு எதிராக வழக்குப் போட்டார்கள்? எத்தனை பேரை நீதவான் விடுதலை செய்தார்? விடுதலையானவருக்குப் போன மானத்துக்கும், போன வேலைக்கும், சட்டத்தரணிக்குக் கட்டின காசுக்கும் யார் பொறுப்பு? இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

"கரடியனாறில ஏது நைட் கிளப், அது கொழும்பாக்களிட பிரச்சினை" எண்டு சொல்லிப்போட்டுப் போக வேணாம். பதுளை வீதியில் ராவைக்கு மின்னுற கிளப் இல்லைதான். நம்மட ராத்திரி கோயில் சடங்கிலயும், கூத்துக் களரியிலயும், வயல் வாடியிலயும், கல்யாண வீட்டுப் பாட்டிலயும் போகுது. ஆனா ஒரு இடத்தில பத்துப் பேர் கூடி நிண்டா, அதில ஒருத்தனில சந்தேகம் வந்தா, பத்துப் பேரையும் ஜீப்பில ஏத்துற பழக்கம் கொழும்புக் கிளப்பிலயும் ஒண்டுதான், நம்மட சந்தியிலயும் ஒண்டுதான். 2021 மே 18 அன்று கிரானில் நினைவேந்தலுக்குப் போன பத்துப் பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பிணை கிடைத்தது டிசம்பரில். 2023 நவம்பரில், மயிலத்தமடு பண்ணையாளர்களுக்கு ஆதரவாகச் சித்தாண்டிப் போராட்டத்துக்குப் போன கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேரைப் பிடித்தார்கள். அவர்களும் பிணையில்தான் வெளியே வந்தார்கள். நினைவுகூர்ந்தது, போராடினது, ஆடினது: காரணம் வேற வேற. பிடிபட்ட பிறகு நடக்கிற அலைச்சல் ஒண்டு.

சட்டம் என்ன சொல்லுது? அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை: சட்டம் வகுத்த நடைமுறைப்படியல்லாமல் யாரையும் கைது செய்ய முடியாது, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சாதாரணக் கைதென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். கூட்டமாகப் பிடிப்பது பற்றியும் உயர் நீதிமன்றம் பேசியிருக்கிறது. ரட்டவெசி பெரமுன என்ற அமைப்பின் கூட்டத்துக்குப் போனவர்களை, அரசைக் கவிழ்க்கச் சதி என்று சொல்லிப் பிடித்த வழக்கில், 1994 இல் நீதியரசர் அமரசிங்க எழுதின தீர்ப்பு தெளிவானது: பொதுப்படையான சந்தேகம் போதாது, பிடிக்கப்படுகிற ஆளில் நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். ஆக, "அந்த இடத்தில நிண்டான்" என்பது மட்டும் ஒரு கைதுக்குக் காரணமாகாது. முப்பது வருசத்துக்கு முந்தின தீர்ப்பு. பார்ட்டிப் படத்தைப் பார்த்தால், ஜீப்பில் வாற ஒருத்தரும் அதை வாசித்த மாதிரித் தெரியவில்லை.

சரி, பிழையாப் பிடிச்சாச்சு. நட்டஈடு கேட்க ரெண்டு வாசல் இருக்கு.

முதல் வாசல் மாவட்ட நீதிமன்றம். நம்மட நாட்டு ரோமன் டச்சுச் சட்டத்தில் சட்டவிரோதக் கைது ஒரு தீங்கு. பிடித்த உத்தியோகத்தரிடமும் கேட்கலாம், 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் அரசிடமும் கேட்கலாம். பொய்யென்று தெரிந்துகொண்டே முறைப்பாடு குடுத்து ஆளைப் பிடிக்க வைத்தவர், அவர் கிளப் முதலாளியோ அயல்வீட்டு ஐயாவோ, அவரையும் இழுக்கலாம். ஆனால் வழக்குப் போட முதல் ஒரு மாத அறிவித்தல் குடுக்க வேண்டும். ரெண்டு வருசத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போட்ட பிறகு எத்தனை வருசம் இழுபடும் என்று காணி வழக்குப் பேசின எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள்.

ரெண்டாவது வாசல் அடிப்படை உரிமை மனு. 126 ஆம் உறுப்புரை. இது இருக்கிறது கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் மட்டும். மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவைக் கேட்க அதிகாரம் இருக்கு, அடிப்படை உரிமை மனுவைக் கேட்க இல்லை. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். யோசிச்சுப் பாருங்க. பொடியன் விளக்கமறியலில. தாய் பிணைக்கு ஆள் தேடித் திரியிறா. தகப்பன் வெள்ளாமை வெட்டைப் பாதியில் விட்டிட்டு நீதிமன்ற வாசலில நிக்கிறார். அந்த முப்பது நாளுக்குள்ள 300 கிலோமீட்டருக்கு அங்கால ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சு, தமிழில நடந்ததை ஆங்கிலத்தில எழுதி, மனுவைப் போட வேணும். வாசல் திறந்துதான் கிடக்கு, ஆனா நம்மட ஆட்கள் நடந்து போற தூரத்தில கட்டல்ல.

இந்த வாசலால் போய் வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் கட்டுநாயக்கவில் ஒரு பிரித்தானியச் சுற்றுலாப் பயணியை, கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததற்காகப் பிடித்து, சில நாள் தடுத்து வைத்து நாடு கடத்தினார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது சட்டவிரோதம் என்றது. மொத்தம் 8 இலட்சம் ரூபாய் குடுக்கச் சொன்னது. அதில் பெரும்பங்கு அரசின் தலையில். இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் 50,000 ரூபாய் வீதம். நல்ல தீர்ப்பு, அவருக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். கணக்கை மட்டும் பாருங்கள். அரசு கட்டுறது என்றால் யார் கட்டுறது? கரடியனாறுக் கடையில் சோடா வாங்குறவர் கட்டுற வரி அது. பிடிபடுறதும் நாம, நட்டஈடு கட்டுறதும் நாம.

இது நேற்று வந்த பழக்கமுமில்லை. 1983 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். அன்றைய ஊர்வலத்தின் பின் கொள்ளுப்பிட்டியில் விவியன் குணவர்தன கைது செய்யப்பட்டார். இடதுசாரித் தலைவர், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். ஜூன் 8 இல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதக் கைது என்று தீர்த்து, அரசு 2,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சில நாட்களுக்குள் என்ன நடந்தது? பிடித்த உப பரிசோதகருக்குப் பதவி உயர்வு. ஜூன் 11 இல் தீர்ப்பெழுதின நீதியரசர்களின் வீட்டு வாசல்களில் காடையர் கூட்டம். அதே வருசம் பெப்ரவரியில், சர்வஜன வாக்கெடுப்புக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களைப் பறித்த வழக்கில் உடுகம்பொல என்ற பொலிஸ் அதிகாரிக்கு எதிராக 10,000 ரூபாய் நட்டஈடு தீர்ந்தது. அமைச்சரவை அந்தக் காசைப் பொதுப் பணத்தில் கட்டியது, அவருக்கும் பதவி உயர்வு குடுத்தது. பொலிசாரின் மனவுறுதியைக் காக்கத்தான் இப்படிச் செய்தோம் என்பது ஜே.ஆர். ஜயவர்தனவின் விளக்கம். அந்த ஜூலையில் நாட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாற்பது வருசம் கழித்து வாங்க. 2023 டிசம்பர் 14. ஒருவரைப் பிடித்துச் சித்திரவதை செய்ததற்காக, தேசபந்து தென்னகோன் தன் சொந்தக் காசில் 5 இலட்சம் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. மனுப் போட்டது 2011 இல். தீர்ப்பு வரப் பன்னிரண்டு வருசம். அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். தீர்ப்பு வந்து மூன்றாம் நாள், டிசம்பர் 17, அவருடைய தலைமையில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. போதைப்பொருள் வேட்டை என்ற பெயரில் பல்லாயிரக்கணக்கில் கைது. ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். 'யுக்திய' என்றால் நீதி என்று அர்த்தம்! 2024 பெப்ரவரியில் அவர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபர். மனுக்கள் போய், ஜூலை 24 இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில்தான் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது.

1983 ஐயும் 2023 ஐயும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தா ஒரு மாற்றம் தெரியுது: நீதிமன்றம் இப்ப "உன்ர பொக்கற்றில இருந்து கட்டு" எண்டு சொல்லத் தொடங்கியிட்டுது. 2023 ஜனவரி 12 ஐ மட்டக்களப்பு மறக்காது. சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் அன்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி, பூஜித ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் ஏழரைக் கோடி வீதம், சொந்தக் காசில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சிறிசேன தவணை தவணையாகக் கட்டினார். ஜனாதிபதியாக இருந்தவரையே கட்ட வைக்கலாம் என்றால், பொறுப்பதிகாரியைக் கட்ட வைக்க ஏன் ஏலாது? மாறாதது மற்றப் பக்கம்: தீர்ப்பு ஒரு பக்கம் கிடக்க, பதவி உயர்வு தன்பாட்டில போகுது.

எதிர்ப்பக்கம் ரெண்டு நியாயம் சொல்லும். முதலாவது: "சொந்தக் காசு போகும் எண்டா பொலிஸ் ஒருத்தரையும் பிடிக்காது, கள்ளனும் தூள்காரனும் கொண்டாடுவான்." தூளால் அழிஞ்ச குடும்பங்கள் நம்மட பக்கத்திலயும் இருக்கு, அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணயில்லை. ஆனால் சட்டம் கேட்கிறது மிகச் சின்ன விசயம்: நியாயமான சந்தேகம், காரணம் சொல்லுறது, நேரத்துக்கு நீதவானிடம் கொண்டுபோறது. இதைச் செய்த பொலிசுக்கு, பிடிபட்டவர் பிறகு நிரபராதியென்று விடுதலையானாலும் ஒரு சதமும் போகாது. பஸ் ஓட்டுற அண்ணனுக்கு, மருந்து குடுக்கிற டொக்டருக்கு, கவனப் பிழைக்குப் பொறுப்பிருக்கு. அதுக்காக பஸ் ஓடாமலா நிக்குது?

இரண்டாவது நியாயம் கொஞ்சம் கனமானது: கான்ஸ்டபிளிடம் காசில்லை, அவரை மட்டும் கட்டச் சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. உண்மைதான். அதனால்தான் அரசு முதலில் முழுக் காசையும் உடனே பாதிக்கப்பட்டவரின் கையில் குடுக்க வேண்டும். பிறகு, கட்டளை குடுத்தவர், பிடித்தவர் என்று பங்கு பிரித்து, சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் இருந்து அறவிட வேண்டும். மேலதிகாரிக்குப் பெரிய பங்கு. கீழ ஜீப்பில வந்தவனை மட்டும் மாட்டிவிட்டுத் தப்புற வேலை இதில் நடக்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது நாலு. ஒன்று, மேலே சொன்ன அறவீடு. ரெண்டு, உரிமை மீறினார் என்று தீர்ப்பு வந்தவருக்குப் பதவி உயர்வில்லை என்ற விதி. தேசிய பொலிஸ் ஆணைக்குழு அதை எழுதி வெளியிட வேண்டும். மூன்று, அடிப்படை உரிமை மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலும் கேட்கலாம், ஒரு மாதத்துக்குப் பதில் குறைந்தது ஆறு மாதம் என்ற அரசியலமைப்புத் திருத்தம். நாலு, நட்டஈட்டுக்கு ஒரு அளவுகோல். இங்கிலாந்தில் 1997 இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிழையான கைதின் முதல் மணித்தியாலத்துக்கு 500 பவுண் அளவில், 24 மணித்தியாலத்துக்கு 3,000 அளவில் என்று. நம்மட நாட்டில் ஒரு ராத்திரி கூட்டுக்குள் இருந்ததுக்கு என்ன விலையென்று யாருக்கும் தெரியாது. விலை தெரியாத பொருளை யாரும் கவனமாகக் கையாள்றதில்லை.

சட்டம் மாறுற வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்ப இருக்கிற சட்டத்திலேயே ஒரு சின்னச் சாவி இருக்கு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு: ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலேயே அலுவலகம் இருக்கு. முறைப்பாட்டு இலக்கத்தை எழுத்தில வாங்குங்க, விசாரணை நடக்குதா எண்டு விடாமக் கேளுங்க. உங்கட கூட்டாளி பிடிபட்டா, படத்தை வட்சப்பில பகிர்றதை விட்டிட்டு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில, யார் பிடிச்சது, என்ன காரணம் சொன்னது, காயம் இருந்தா டொக்டரிட துண்டு, எல்லாத்தையும் அண்டைக்கே ஒரு கொப்பியில எழுதுங்க. திகதியை முதல் வரியில எழுதுங்க, முப்பது நாள் அண்டையில இருந்துதான் ஓடும்.