அப்பாவின் ஜாவாவை விற்குமுன்

நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றில் மாடிப்படிக்கு அடியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இன்னும் தூசி படிந்து நிற்கிறது. முன்பெல்லாம் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போவார். இப்போது பழைய வண்டி சேகரிப்பவர்கள் வீடு தேடி வந்து விலை பேசுகிறார்கள்.

விற்பதில் தவறில்லை. ஆனால் கூடுதல் விலைக்காகப் புதுப் பெயிண்ட் அடித்து, வேறு எஞ்சினைப் பொருத்திப் பளபளப்பாக்குவது வீண் வேலை என்பேன். மைசூரில் 1960களில் தயாரான ஜாவாவில் கிக்கருக்கும் கியருக்கும் ஒரே நெம்புகோல்தான். என்ன அழகான யோசனை! விவரம் தெரிந்தவர் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே ‘விண்டேஜ்’ பதிவு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. எஸ்கார்ட்ஸ் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350க்கு 2033க்கு முன் இந்தத் தகுதி கிடையாது. அதை இப்போதே ‘விண்டேஜ்’ என்று விற்பவரிடம் ஜாக்கிரதை!

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல வண்டிகள் ஊர்ப் பதிவு எண்ணோடு ரயிலில் வந்தவை, ஆர்.சி. புத்தகமோ காலமான பெரியவர் பெயரில். முதலில் அதிலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். வாரிசு பெயர் மாற்றத்தையும் ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றையும் முடித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். காகிதம் சரியில்லை என்று சொல்லித்தான் தரகர்கள் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்.