தடுமாற்றமும் பயிற்சியே

வானில் பறக்க வேண்டும் என்பது இளையர் பலரின் கனவு. சிங்கப்பூரில் அத்தகைய இளையருக்கெனவே 1971இல் விமானப் பயிற்சி மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றும் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து மாணவர்கள் ஓட்டும் சிறிய விமானங்கள் மேலெழுவதைக் காணலாம். ஆயினும், விமானி இருக்கையில் அமர்ந்த சில வாரங்களிலேயே தொடக்கநிலை மாணவரின் உற்சாகம் குன்றிப்போவதுண்டு. “எனக்கு இது வராது” என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்கும். தன்னம்பிக்கை மிக்கவரால் மட்டுமே விமானி ஆக முடியும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், தன்னம்பிக்கை என்பது பயிற்சிக்கு முன்பே இருக்க வேண்டிய தகுதி அன்று. பயிற்சியால் விளையும் பயன்.

விரக்தி ஏற்படுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. விமானம் ஓட்டுபவர் உயரம், வேகம், திசை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். அதற்கிடையே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் கட்டளையைக் கேட்டு, அதைப் பிழையின்றித் திரும்பச் சொல்லவும் வேண்டும். குழப்பம் ஏற்பட்டால் காரைப்போல் ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்க இயலாது. இவை போதாவென்று, பிற்பகல் இடிமழையால் பயிற்சி அடிக்கடி தள்ளிப்போகும். இடைவெளிக்குப் பிறகு வரும் மாணவர், முன்பு கற்றதையே மறந்துவிட்டதாக உணர்வார். இவையெல்லாம் கற்கும் சூழலின் இயல்புகள். அவற்றைத் தம் திறமைக் குறைவாக எண்ணிக்கொள்வதே மாணவர் செய்யும் பெரிய தவறு.

தரையிறங்குவதை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதைக்குச் சில மீட்டர் மேலே வந்ததும், விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தி, சக்கரங்கள் மென்மையாகத் தரையைத் தொடச் செய்ய வேண்டும். சற்று முன்னதாக உயர்த்தினால் விமானம் மிதந்து, பின் தொப்பென்று இறங்கும். சற்றுத் தாமதித்தால் தரையில் மோதித் துள்ளும். இச்செயல் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டு முறை தரையிறங்கினாலும், இதைப் பழகக் கிடைப்பது மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடமே. அப்படிப் பத்து மணி நேரம் பறந்தவரும் இதைப் பத்து நிமிடம்தான் பழகியிருப்பார். பத்து நிமிடம் மிதிவண்டி பழகிய ஒருவர் தடுமாறினால், அவரைத் திறமையற்றவர் என்று யாரேனும் சொல்வார்களா?

எனவே, “ஏன் இன்னும் வரவில்லை?” என்று கலங்குவதைவிட, “இன்று எதைத் திருத்த வேண்டும்?” என்று கேட்பதே பயன் தரும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் சரியாகச் செய்த ஒன்றையும் திருத்த வேண்டிய ஒன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். வீட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, விமானத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்து பார்க்கலாம். புரியாததைத் தயங்காமல் பயிற்றுவிப்பாளரிடம் கேட்கலாம். நண்பரின் முன்னேற்றத்தோடு ஒப்பிடாமல், தமது சென்ற வாரக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் வளர்ச்சி தெளிவாகத் தெரியும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

அளவு கடந்த தன்னம்பிக்கை வானில் ஆபத்தானது என்று சிலர் வாதிடலாம். அக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால், துணிச்சல் வேறு, தன்னம்பிக்கை வேறு. தரையிறங்கும்போது காற்றோ வேகமோ சரியாக அமையாவிட்டால், விமானி இயந்திர விசையைக் கூட்டி மீண்டும் மேலே எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் முயல்வார். அனுபவமிக்க விமானிகளும் அவ்வாறே செய்கின்றனர். அதைத் தோல்வி என்று யாரும் கருதுவதில்லை. பின்வாங்க வேண்டிய நேரத்தை அறிவதும் தன்னம்பிக்கையின் ஒரு பகுதியே.

விமானத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1901இல் ரைட் சகோதரர்கள் உருவாக்கிய மிதவை விமானம் எதிர்பார்த்தபடி மேலெழவில்லை. மனமுடைந்து வீடு திரும்பிய அவர்கள், தங்களைக் குறைகூறிக்கொண்டு ஓய்ந்துவிடவில்லை. தாங்கள் நம்பியிருந்த கணக்குகள் சரியா என்று ஐயுற்றனர். காற்றைச் செலுத்திச் சோதிக்கும் ஒரு பெட்டியைத் தாங்களே செய்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களை ஆராய்ந்தனர். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களின் விமானம் முதன்முதலாகப் பறந்தது, வெறும் 12 விநாடிகள். அன்றே நான்காம் முறை 59 விநாடிகள் பறந்தது.

பயிற்சி மாணவரின் வாழ்விலும் அத்தகைய நாள் வரும். பயிற்றுவிப்பாளர் விமானத்திலிருந்து இறங்கிக்கொள்ள, மாணவர் முதன்முறையாகத் தனியே ஒரு சுற்றுப் பறப்பார். அருகிலுள்ள இருக்கை காலியாக இருக்கும். ஆனால், தடுமாறித் தடுமாறித் திருத்திக்கொண்ட ஒவ்வொரு பாடமும் உடன் இருக்கும். விமானம் ஓட்டுவதாயினும் கணிதமாயினும், புதிய மொழியாயினும் இசைக்கருவியாயினும், தொடக்கத் தடுமாற்றத்தைக் கண்டு விலகாதவரே தன்னம்பிக்கையைப் பெறுகிறார்.