கடலை சாஸுக்குப் பாட்டில் எதற்கு?

சென்னையின் பெரிய கடைகளில் 'தாய் பீனட் சாஸ்' என்று எழுதிய பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் எடுத்துப் பின்பக்கம் படித்துப் பார்த்தவற்றில் தண்ணீரும் சர்க்கரையும் முன்னால் இருந்தன, புளியைக் காணோம். வீட்டிலேயே செய்கிறேன் என்பவர்களும் பீனட் பட்டரில் சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, வெந்நீர் விட்டு அடித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க வீடுகளுக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தும். அங்கே பீனட் பட்டர் எப்போதும் கைவசம் இருக்கும், தேங்காய் உடைத்துத் துருவுகிற பழக்கம் கிடையாது. நம் வீட்டில் தேங்காயும் புளியும் இல்லாத நாளே இல்லை. நாம் ஏன் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டும்?

நான் விழுப்புரம் மாவட்டத்தில் மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. ரகங்களை அப்பா மானாவாரியில் விதைப்பார். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் வேலையால் பாங்காக்கில் சீலோம் சாலைப் பக்கம் குடியிருந்தோம். அங்கு போய்ச் சேர்ந்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா மாலையானால் சாத்தே சுடுவார். குறுகலான நீள அடுப்பில் கரித்தணல், மேலே மஞ்சள் தடவிய இறைச்சிக் குச்சிகள். அவை வறண்டுபோகாமல் அவ்வப்போது தேங்காய்ப் பாலைத் தடவுவார். ஓரத்தில் ரொட்டித் துண்டுகளும் வாட்டி வைப்பார், சாஸில் தோய்த்துச் சாப்பிட. பக்கத்தில் வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், மிளகாய் போட்ட இனிப்புக் காடி. சாஸைச் சின்னப் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தால் மேலாகச் சிவப்பு எண்ணெய் மிதக்கும்.

அந்த எண்ணெய்தான் முக்கியம். சாத்தே ஜாவாவில் பிறந்து தாய்லாந்துக்கு வந்த பண்டம். வேர்க்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆசியாவுக்கு வந்த பயிர்கள். இத்தனையும் வெளியிலிருந்து வந்திருந்தும் தாய்லாந்துக்காரர்கள் இந்தக் கடலை சாஸைத் தங்கள் கறி வகைகளைப் போலவே சமைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முதல் தேங்காய்ப் பாலை மூடாமல் கொதிக்கவிடுவார்கள். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும். அரைத்த மசாலாவை அந்த எண்ணெயிலேயே வதக்குவார்கள். மிளகாயின் நிறம் எண்ணெயில் இறங்கும், மசாலாவின் பச்சை வாடை போகும். 'எண்ணெய் பிரிந்து வரட்டும்' என்று அடுப்படியில் தினமும் சொல்கிற நமக்கு இதைத் தனியாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் செய்யும் விதம் இது. ஆறு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, நான்கு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் தனியா, அரை டீஸ்பூன் சீரகம், சிறு துண்டு பட்டை, லெமன் கிராஸின் வெளுத்த அடித்தண்டு சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். அங்கே பேரரத்தையும் பச்சையாகப் போடுவார்கள். இங்கே நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும், ஊறவைத்துச் சுண்டுவிரல் நகமளவு போட்டால் போதும். அசைவக்காரர்கள் இறால் விழுது சேர்க்கலாம். ஒரு தேங்காயின் முதல் பாலைப் பிரியவிட்டு மசாலாவை வதக்கி, இரண்டாம் பால் ஊற்றி, கொதித்ததும் ஒரு கப் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, இரண்டு டேபிள்ஸ்பூன் கருப்பட்டித் துருவல், இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல், உப்பு. மெல்லிய தீயில் ஐந்து நிமிடம். ஊறும் நேரமும் பால் பிழியும் நேரமும் போக 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பாக்கெட் தேங்காய்ப் பாலில் கெட்டிப்படுத்தும் பொருள்கள் சேர்ந்திருந்தால் எண்ணெய் எளிதில் பிரியாது. அப்போது ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மசாலாவை வதக்கிவிட்டு, பிறகு பாலைச் சேர்க்கலாம்.

கருப்பட்டி என்றதும் சிலர் யோசிப்பார்கள். பெட்சபுரி என்ற தாய்லாந்து ஊர் பனைமரங்களுக்கும் பனஞ்சர்க்கரைக்கும் பேர்போனது. நம் ஊரில் நிற்கிற அதே பனைதான். அவர்களுடைய சர்க்கரை வெளிறி இருக்கும், நம் கருப்பட்டியின் வாசம் சற்றுத் தூக்கல், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மிக்ஸியில் பிடியுங்கள், மசாலாவை முன்னதாக அரைத்து ஃப்ரீசரில் வையுங்கள். புளியிலும் வதக்குவதிலும் கை வைக்காதீர்கள். புளி இல்லாவிட்டால் கடலையின் எண்ணெய்ப்பசையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து இரண்டாவது வாய்க்கே திகட்டும். எலுமிச்சை கூர்மையாகப் புளிக்கும், ஆனால் இந்தக் கனத்தைத் தாங்காது.

கடலையைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பட்டது எதுவும் சட்டிக்குள் போகக் கூடாது. பூசணத்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. வறுக்கும்முன் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்கிவிடுங்கள். நிதானமான தீயில் வறுத்துத் தோலைத் தேய்த்துப் புடைத்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும், பல்லில் படுகிற ருசி போய்விடும்.

சைவர்களுக்கு இது ஆகாதே என்று நினைக்க வேண்டாம். ராமர் நீராடுவதைக் குறிக்கும் 'ஃப்ரா ராம் லொங் சொங்' என்றொரு உணவு அங்கே உண்டு. வெந்நீரில் முக்கியெடுத்த வள்ளைக்கீரையும் பன்றியிறைச்சியும் வைத்து மேலே இந்த சாஸை ஊற்றுவார்கள். இறைச்சிக்குப் பதில் டோஃபுவோ பனீரோ வைத்தால் சைவமாகிவிடும். ஆறினால் சாஸ் இறுகும், வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். விருந்தாளிகளுக்குப் பரிமாறும்முன் இதில் வேர்க்கடலை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம்.

உணவகம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீனட் பட்டரைக் கரைத்துத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குத் தாய்லாந்தின் பெயரை வைக்காதீர்கள். தேங்காய், புளி, வேர்க்கடலை மூன்றும் உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. அவற்றைப் போட்டுச் செய்யுங்கள்.