மாற்றுச் சான்றிதழ் எதை மாற்றுகிறது?

நம் ஆசிரியப் பெருமக்கள் ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதலில் செல்லும்போது விழா எடுத்து, மாலையிட்டு வழியனுப்புகிறோம். அவர்களது பணிமூப்பு ஒரு நாளும் குறையாமல் அவர்களோடு செல்கிறது. "அங்கே ஆற்றிய பணி இங்கே செல்லாது, முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்" என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் சும்மா இருப்பார்களா? ஆனால், அதே கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கீழ்ப் படிக்கும் மாணவன் ஊர் மாறினால், படித்த படிப்பையும் ஊரிலேயே விட்டுவிட்டு வர நேர்கிறது.

சேலையூரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். வட மாவட்டம் ஒன்றில், அரசுக் கல்லூரியில் வேதியியல் முதலாண்டை முடித்தவன். அரியர் ஒன்றும் கிடையாது. கொத்தனாரான தந்தை சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட, அக்காள் வீட்டை நம்பிக் குடும்பமே இங்கு வந்தது. கையில் டி.சி.யோடு அவன் ஏறிய படிகள் எத்தனையோ! பல்கலைக்கழகம் வேறு, தாள்களின் வரிசை வேறு என்று சொல்லி, மீண்டும் முதலாண்டில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தான். எங்களைப் போன்ற வீடுகளில் ஓராண்டு என்பது ஓராண்டுக் கூலி.

நானும் வேதியியல் மாணவன்தான். கார்பனின் இணைதிறன் எல்லா மாவட்டத்திலும் நான்கு என்றே படித்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. நடத்துவது ஒரே அரசு. ஆயினும் பாடத்திட்டம் வகுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்றிருந்தால் கல்லூரியே வகுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் முதலாண்டில் வரும் துணைப்பாடம் வேறிடத்தில் இரண்டாமாண்டில் வருகிறது. சிக்கல் பெரும்பாலும் இவ்வளவே.

எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'கிரெடிட்' என்றதும் "கடனா?" என்று பதறினார் என் தந்தை. இல்லை அப்பா, சேமிப்பு என்றேன். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கொரு வங்கியே திறந்தது. 12 இலக்க எண். போட்ட கிரெடிட் ஏழாண்டு வரை செல்லும். பாதியையேனும் பட்டம் வழங்கும் நிறுவனத்தில் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. கணக்கு இருக்கிறது, இருப்பும் இருக்கிறது. சேரப்போகும் கல்லூரி ஏற்றுக்கொண்டால்தானே எடுக்க முடியும்?

2023-இல் நம் மாநில உயர்கல்வி மன்றம் பொதுவான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, மாணவர் இடம் மாற வசதி என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. தன்னாட்சி பறிபோகும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு என்பேன். இடம் மாறுவதற்காக எல்லாரும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை. எந்தத் தாளுக்கு எந்தத் தாள் ஈடு என்று ஓர் அட்டவணை இருந்தால் போதும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2010-இல் சட்டமே இயற்றியது. சமுதாயக் கல்லூரியில் அதற்கென்றுள்ள பட்டத்தை முடித்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவனை, படித்ததையே மறுபடி படிக்கச் சொல்லக்கூடாது.

தரம் கெடும் என்பார் சிலர். இரு பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. வேதியியல் பட்டங்களையும் டி.என்.பி.எஸ்.சி. ஒன்றாகத்தானே மதிக்கிறது? முழுப் பட்டம் சமமானால் அதில் மூன்றிலொரு பங்கு மட்டும் எப்படித் தாழ்ந்துபோகும்?

தமிழ், ஆங்கிலத் தாள்களைக் கேள்வியின்றி ஏற்கலாம். துறைத் தாள்களை அட்டவணையில் பார்த்து, விடுபட்டதை மட்டும் மாணவன் கூடுதலாக எழுதட்டும். விண்ணப்பித்த பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும், அதுவும் கல்லூரி திறப்பதற்கு முன்பே. பாதிப் பருவம் கடந்தபின் வரும் அனுமதியை வைத்துக்கொண்டு அவன் எந்த வகுப்பில் உட்காருவான்?