ராட்சதனைச் சுமந்த பயில்வான்!

1990-களில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பையன்களின் கால்சட்டைப் பையில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் அமெரிக்க மல்யுத்தக்காரரின் படம். கீழே அவருடைய உயரம், எடை, மார்புச் சுற்றளவு. ஆளுக்கு ஒரு சீட்டை இறக்குவார்கள். யாருடைய சீட்டில் எண் பெரிதோ, இரண்டு சீட்டும் அவனுக்கே சொந்தம்!

அந்த விளையாட்டில் ராட்சத உடம்புக்காரர்தான் ராஜா. சின்ன உடம்புக்காரரின் சீட்டு கைக்கு வந்தால் பையனின் முகம் சுண்டிவிடும்.

அசல் கோதாவில் கணக்கு வேறு. அங்கே ராட்சதனை ராட்சதனாகக் காட்டுவதே, எதிரில் நிற்கும் சின்ன ஆள்தான்.

அது எப்படி?

பாதி வேலை இவருக்கு, மீதி அவருக்கு

டெலிவிஷனில் காட்டும் இந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். இது இப்போது ரகசியம் அல்ல. 1989-ம் ஆண்டில், நியூஜெர்சி மாநில சட்டசபையின் முன்பு கம்பெனியே இதை ஒப்புக்கொண்டது. போட்டி என்றால் அரசாங்கக் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. வேடிக்கைக் காட்சி என்றால் அந்தத் தொல்லை இல்லை. வரிக்குப் பயந்து உண்மை வெளியே வந்தது!

முடிவு பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம். கோதாவின் அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் பலகை. பலகைமேல் மெல்லிய மெத்தை. அதற்கும் மேலே கித்தான். அதில் 100 கிலோ உடம்பு மல்லாக்க வந்து விழுந்தால் முதுகுக்குத் தெரியும், பொய்யா மெய்யா என்று.

சண்டை போடும் இருவரும் எதிரிகள் போல் முறைப்பார்கள். உண்மையில் அவர்கள் கூட்டாளிகள். ஒருவர் மற்றவரின் தலையைக் கக்கத்தில் இடுக்கிப் பிடித்திருக்கும்போது, அடுத்து என்ன செய்வது என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். தூக்கி எறிகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். எறியப்படுகிறவர் சரியான நேரத்தில் எம்பிக் கொடுக்கிறார். உடம்பை வளைத்துக் கொடுக்கிறார். பிறகு அடிபட்டவர் போல் துடிக்கிறார். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான், அடித்தவருக்கு எவ்வளவு பலம் என்று கூட்டம் நம்புகிறது.

இருவரில் ஒருவருக்கு வித்தை குறைவாக இருந்தால்? மூச்சு சீக்கிரம் வாங்கினால்? முழங்கால் மடங்காவிட்டால்? மற்றவர் அவர் பங்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நாடக மேடையில் ராஜபார்ட் வசனத்தை மறந்துவிட்டால், கூட நடிப்பவர் அதையே கேள்வியாகத் திருப்பிப் போட்டுக் காப்பாற்றுவார் அல்லவா? அது மாதிரி. மல்யுத்தக்காரர்கள் இந்த வேலைக்கு ‘சுமப்பது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

8 வினாடியில் சாம்பியன்!

கெவின் நாஷ் என்பவர் டென்னசி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். பிறகு ஐரோப்பாவுக்குப் போய் ஆடினார். ஜெர்மனியில் முழங்கால் போய்விட்டது. பந்தாட்டம் முடிந்தது. 6 அடி 10 அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மல்யுத்தத்துக்கு வந்தார். ‘டீசல்’ என்று பெயர் வைத்தார்கள். எடை 149 கிலோ என்று அறிவித்தார்கள். (இந்த அறிவிப்புகளில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும்.)

1994 நவம்பர் 26-ந் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், பாப் பேக்லண்டை எட்டே வினாடியில் வீழ்த்தி டீசல் சாம்பியன் ஆனார்.

எட்டு வினாடி சண்டைக்கு உடம்பு போதும். 25 நிமிட சண்டைக்கு வித்தை வேண்டும். டீசலிடம் இருந்த வித்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாஷ் புத்திசாலி. இதை அவரே கேலியாகச் சொல்லிச் சிரிப்பது உண்டு.

1995 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரில் அவருக்கு எதிராக மேபெல் என்பவரை இறக்கினார்கள். அவர் டீசலையும் விடப் பருமன். இரண்டு மலைகள் மோதினால் பிரமாதமாக இருக்கும் என்று கம்பெனி நினைத்தது போலும். மலைகள் நகரவில்லை! ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. சுமக்க அங்கே ஆள் இல்லை.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 19-ந் தேதி, வாஷிங்டனை அடுத்த லேண்டோவரில் டீசலுக்கு எதிரே வந்து நின்றவர் பிரெட் ஹார்ட்.

கயிறு கட்டிய கால்

பிரெட் ஹார்ட் கனடா நாட்டுக்காரர். கால்கரி நகரில் பிறந்தவர். தகப்பனார் ஸ்டூ ஹார்ட் பெரிய மல்யுத்த வாத்தியார். வீட்டின் நிலவறைதான் அவருடைய பயிற்சிக்கூடம். பிடியில் சிக்கியவர்கள் போடும் அலறல் மாடிவரை கேட்குமாம். அந்த வீட்டின் 12 பிள்ளைகளில் பிரெட் எட்டாவது பிள்ளை. உயரம் 6 அடி. டீசல் அவரைவிட 10 அங்குலம் அதிகம். எடையில் சுமார் 40 கிலோ அதிகம்.

பிரெட் என்ன செய்தார்?

டீசலை ஓடவிடவில்லை. பறக்கச் சொல்லவில்லை. நேரே காலைப் பிடித்தார். உயரமான ஆளைச் சாய்க்க வேண்டும் என்றால் காலைத்தானே வாங்க வேண்டும்? சின்னக் குழந்தைக்குக்கூட இந்த நியாயம் புரியும். ஒரு கட்டத்தில் டெலிவிஷன் கேபிளை எடுத்து டீசலின் காலைக் கோதாக் கம்பத்தோடு கட்டிவிட்டார்!

இங்கேதான் சூட்சுமம். காலில் அடிபட்ட ஆள் மெதுவாகத்தான் நடப்பான். டீசல் எப்போதும் மெதுவாக நடப்பவர்தான். ஆனால் அன்று கூட்டத்துக்கு அது குறையாகப் படவில்லை. “பாவம், கால் வலி!” என்று தோன்றியது. எதிராளியின் குறையையே கதையின் ஒரு பகுதியாக மாற்றிவிட்டார் பிரெட்.

பிறகு அவர் அடிவாங்கும் முறை வந்தது. டீசல் தள்ளிய தள்ளில், கோதாவின் விளிம்பிலிருந்து பறந்துபோய் வர்ணனையாளர் மேஜை மேல் விழுந்தார். மேஜை நொறுங்கியது. தள்ளியவருக்கு அது ஒரு கை அசைவுதான். விழுந்தவருக்குத்தான் விலா எலும்பு! ஆனால் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? “அடேயப்பா, டீசலுக்கு என்ன பலம்!”

ஏறக்குறைய 25 நிமிடம் ஆனது. பிரெட் மயங்கியவர் போல் துவண்டு கிடந்தார். தூக்குவதற்காக டீசல் குனிந்தார். அந்த நொடியில் பிரெட் அவரை அப்படியே சுருட்டி மடக்கிப் பிடித்தார். நடுவர் மூன்று எண்ணினார். பட்டம் கை மாறியது.

தோற்ற டீசலுக்கும் அன்று நஷ்டம் இல்லை. ஆத்திரத்தில் பிரெட்டைத் தூக்கி இரண்டு முறை தரையில் அறைந்தார். முன்னைவிடப் பயங்கரமானவராக வெளியே போனார். அதற்கும் முதுகு கொடுத்தவர் பிரெட்தான்.

கூலி யாருக்கு?

விளம்பரத் தட்டியில் பெரிய உடம்புக்குத்தான் பெரிய இடம். சுமக்கிற வேலையோ நன்றாகச் செய்தால் கண்ணுக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை கெட்டது என்று பொருள்.

இந்தப் பயில்வான்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. வருடம் முழுவதும் ஒரே கம்பெனிக்கு உழைத்தாலும், சட்டத்தின் கணக்கில் அவர்கள் தொழிலாளிகள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். வண்டிக் கூலி பேசிக்கொண்டு வரும் வண்டிக்காரர் மாதிரி. ஆகவே கோதாவில் ஒருவருக்குப் பாதுகாப்பு எது? எதிராளியின் கைதான்.

பிரெட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தன் கையால் எந்த எதிராளிக்கும் பெரிய காயம் ஏற்பட்டதில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்ததா?

ஒரே ஓர் உதை

அட்லாண்டா ஃபால்கன்ஸ் குழுவில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர் பில் கோல்ட்பெர்க். காயம் பட்டு அந்த ஆட்டத்தை விட்டவர். 1997 செப்டம்பரில் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் கோதாவில் இறங்கினார். 1998 ஜூலையில் சாம்பியன்! தொடர்ந்து 173 வெற்றி என்று கம்பெனி தம்பட்டம் அடித்தது. பெரும்பாலான ஆட்டங்கள் சில நிமிடங்களிலேயே முடிந்தன. கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. ஆனால், தினம் இரண்டு நிமிடம் ஆடுகிறவர் தொழிலை எப்போது கற்றுக்கொள்வது? குறை அவருடையது மட்டும் அல்ல. பழுக்காத காயைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பியது கம்பெனி. (அந்த வெற்றி வரிசையை 1998 டிசம்பரில் முடித்து வைத்தவர், அங்கே போய்ச் சேர்ந்திருந்த நம் டீசல்தான்.)

1999 டிசம்பர் 19-ந் தேதி. வாஷிங்டன். இப்போது பிரெட்டும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தார். எதிரே கோல்ட்பெர்க். உதைப்பது போல் உதைக்க வேண்டிய கால், நிஜமாகவே பிரெட்டின் தலையில் இறங்கியது. மூளை அதிர்ந்துவிட்டது. அப்படியும் பிரெட் அன்றைய ஆட்டத்தை ஆடி முடித்தார். காயத்தின் கடுமை தெரியாமல் அடுத்த சில வாரங்களும் கோதாவில் இறங்கினார். 2000-ம் ஆண்டில், 43 வயதில், தொழிலை விட்டு விலக வேண்டியதாயிற்று. 2002 ஜூனில் பக்கவாதம் வந்தது. விடாத பயிற்சியால்தான் மீண்டும் நடந்தார்.

கோல்ட்பெர்க் வேண்டுமென்று செய்தவர் அல்ல. அதைப் பற்றிப் பல பேட்டிகளில் வருந்தியிருக்கிறார். பிரெட்டுக்கோ ஆறவில்லை.

இன்றைய கோதா

அன்று அரங்க வசூலை நம்பி நடந்த தொழில் இன்று எங்கேயோ போய்விட்டது. டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியின் திங்கட்கிழமை நிகழ்ச்சியை 2025 ஜனவரி முதல் நெட்ஃபிளிக்ஸ் காட்டுகிறது. ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு. தொகை 500 கோடி டாலர் அளவு. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து அதில் பார்க்கலாம்.

கம்பெனி இன்றும் கல்லூரிகளில் நல்ல உடம்புக்காரர்களைத் தேடுகிறது. 2021 டிசம்பரில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. கால்பந்துக்காரர், ஓட்டக்காரர் என்று பலர் வருகிறார்கள். ஆர்லாண்டோ நகரில் 2013-ல் திறந்த பயிற்சிக்கூடத்தில் அவர்கள் விழக் கற்கிறார்கள். தலை தரையில் படாமல் விழுவது எப்படி, அடுத்தவர் தலை படாமல் வீசுவது எப்படி என்பதே பாலபாடம். முன்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒப்பந்தக்காரர் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

2025 ஜூலை 12-ந் தேதி, சொந்த ஊர் போன்ற அட்லாண்டாவில், கோல்ட்பெர்க் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். வயது 58. எதிரே நிறுத்தப்பட்டவர் ஆஸ்திரியா நாட்டின் குந்தர். இன்றைய பயில்வான்களில் தொழில் தெரிந்தவர்களில் ஒருவர். கிழவரை நிற்க வைத்து, அடிக்க வைத்து, மூச்சு வாங்க நேரம் கொடுத்து, கடைசியில் கழுத்துப் பிடி போட்டு ஜெயித்தார். மனைவியும் மகனும் அருகில் இருந்து பார்க்க, கோல்ட்பெர்க் விடைபெற்றார்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, லாஸ் வேகாஸ் விழாவில், 1997-ல் ஆடிய ஓர் ஆட்டத்துக்காக பிரெட் ஹார்ட்டை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். 67 வயது பிரெட் நடந்து வந்து அதைப் பெற்றுக்கொண்டார்.